பிரண்டையைப் புகழும்போது பக்குவத்தையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் பிரண்டையைப் பற்றி அரைப் பக்க அளவில் வெளியான மருத்துவக் குறிப்பைப் படித்தேன். வேலியோரத்தில் யாரும் ஏறெடுத்துப் பாராமல் கிடந்த ஒரு கொடிக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆயினும், அதன் பெருமைகளை வரிசையாக அடுக்கிய அக்குறிப்பு, அதை எப்படிப் பக்குவப்படுத்த வேண்டும், எவ்வளவு உண்ண வேண்டும், யார் ஒதுக்க வேண்டும் என்பவற்றைச் சொல்லாமல் விட்டுவிட்டது. போதாக்குறைக்கு, நான்கைந்து தண்டுகளை நறுக்கித் தண்ணீர் விட்டு மிக்சியில் அடித்து, வடிகட்டி, வெறும் வயிற்றில் குடிக்கலாம் என்றும் ஒரு வரி இருந்தது. இக்கடிதத்தை எழுதத் தூண்டியது அந்த ஒரு வரிதான்.

பச்சைப் பிரண்டையைக் கையால் ஒடித்துப் பழகியவர் எவரும் அப்படி எழுதியிருக்க மாட்டார். அதன் தண்டில் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டிருக்கிறது. தண்டை நறுக்கினாலோ மென்றாலோ அவ்வூசிகள் வெளிப்பட்டுத் தோலிலும் நாக்கிலும் தொண்டையிலும் குத்துகின்றன. சேனைக்கிழங்கும் சேம்பும் சரியாக வேகாவிட்டால் நாக்கை அரிப்பதற்கும் இதே ஊசிகள்தாம் காரணம். மிக்சியில் அடிப்பதால் அவை கரைந்துபோவதில்லை. தண்டின் சதை சிதைவதால் இன்னும் தாராளமாக வெளிவருகின்றன. நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் அளவினவாதலால், தேநீர் வடிகட்டியோ வேட்டித் துணியோ அவற்றை முழுமையாகத் தடுத்து நிறுத்தும் என்று நம்ப முடியாது.

எங்கள் ஊரில் காலை நடைக்கு வருவோர் கூடும் பூங்காவின் வாசலில், அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் விற்கும் வண்டியொன்றில் சில காலமாகப் பிரண்டைச் சாறும் ஊற்றிக் கொடுக்கிறார்கள். மூட்டுவலி தீரும் என்று அதை வாங்கிக் குடித்த முதியவர் ஒருவர், தொண்டை கமறி, நாக்கு தடித்து, எச்சிலைக் கூட விழுங்க முடியாமல் மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தது. விற்றவரை முழுக்கக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவர் எங்கோ படித்ததைத்தான் செய்தார். படித்த இடத்தில் பாதிதான் எழுதப்பட்டிருந்தது.

அந்த மறுபாதி நம் சமையற்கட்டுகளில் இன்னும் இருக்கிறது. பிரண்டைத் துவையல் அரைக்கத் தெரிந்த எவரும் முதலில் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்வார். முற்றிய தண்டை விட்டுவிட்டு, நகத்தால் கிள்ளினால் ஒடியும் இளங்கொழுந்தை மட்டும் எடுப்பார். கணுவை நறுக்கி எறிந்துவிட்டு, நான்கு விளிம்புகளிலும் ஓடும் நாரை உரித்து, துண்டுகளாக்கி, தாராளமாக எண்ணெய் விட்டு, பச்சை நிறம் மாறிச் சுருளும் வரை பொறுமையாக வதக்குவார். அதன் பிறகே வறுத்த உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், தேங்காய் இவற்றோடு சேர்த்து அரைப்பார். புளியை மட்டும் மற்றத் துவையல்களுக்கு வைப்பதைவிடக் கூடுதலாக வைப்பார். வதக்கல் போதாவிட்டாலும் புளி குறைந்தாலும் அன்றைய சாப்பாட்டில் வீடு முழுவதும் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும். அளவும் இதில் அடக்கம். ஒரு கைப்பிடிக் கொழுந்தில் அரைத்த துவையல் ஒரு குடும்பத்துக்குப் போதும். ஒருவர் இலைக்கு வருவது ஒரு கரண்டிக்குள்தான்.

பிரண்டையை மோரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தி வற்றலாக்கி வைப்பதும், அப்பள மாவு பிசைய அதன் சாற்றைச் சேர்ப்பதும் இதே பக்குவத்தின் கிளைகள். அந்த அப்பளமும் எண்ணெயில் பொரிந்த பிறகுதான் வாய்க்குப் போகிறது. பிராமண வீடுகளில் திவசச் சமையலுக்குப் பாகல் நூறு, பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஆயிரத்தெட்டுக் காய் வைக்க இயலாதவர் இந்த மூன்றோடு இன்னும் எட்டுக் காய் சேர்த்தால் போதும் என்பது அதன் பொருள். அன்றைக்கும் இலையில் விழுவது வதக்கி அரைத்த துவையல்தானே தவிர, பச்சைச் சாறு அன்று. யாழ்ப்பாணத்துத் தமிழரிடம் பிரண்டைத் துவையல் உண்டு. சிங்களவர் இதை ஹீரஸ்ஸ என்று அழைத்துச் சோற்றோடு சேர்த்துச் சமைக்கிறார்கள். தாய்லாந்தில் மூலநோய்க்குப் பச்சைப் பிரண்டைத் துண்டையே விழுங்கும் நாட்டு வழக்கம் இருக்கிறது. ஆனால் அங்கும் துண்டை வாழைப்பழத்துக்குள்ளோ புளிக்குள்ளோ பொதிந்து, பல்லும் நாக்கும் படாமல் விழுங்குகிறார்கள். மூன்று நாட்டுச் சமூகங்கள் இந்தச் செடி பச்சையாக நாக்கில் படக் கூடாது என்பதில் ஒத்துப்போயிருக்கின்றன. நம் மருத்துவக் குறிப்புகள் மட்டும் அதை விட்டு விலகிவிட்டன.

செடியை அடையாளம் காண்பதிலும் இதேபோன்ற அலட்சியம் இருக்கிறது. குறிப்போடு தாங்கள் வெளியிட்ட படம் பிரண்டைதான், அதில் பிழையில்லை. ஆனால் நாற்கோணத் தண்டு என்ற ஒரே அடையாளத்தைச் சொல்லி நகரத்து வாசகரை வேலிக்கு அனுப்புவது ஆபத்தானது. வறண்ட நிலத்தில் சதுரக்கள்ளியும் விளிம்பு விளிம்பாகத்தான் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, உள்ளே போனால் வயிறு புண்ணாகும். பாறை இடுக்குகளில் முளைக்கும் கல்முளையானுக்கும் நான்கு விளிம்புண்டு. பிரண்டை திராட்சைக் குடும்பத்துக் கொடி. லின்னேயஸ் 1767இல் இதற்குச் சிசஸ் குவாட்ராங்குலாரிஸ் என்று பெயரிட்டார். திராட்சைக் கொடியில் இருப்பது போலவே இதன் கணுக்களில் இலைக்கு எதிர்ப்புறம் சுருண்ட பற்றுக்கம்பிகள் இருக்கும். கணுவுக்குக் கணு தண்டு இடுங்கி, சங்கிலி கோத்தது போலத் தெரியும். ஒடித்தால் வெள்ளைப் பால் வராது, நிறமற்ற நீர்தான் கசியும். பால் வந்தால் தொடாதீர்கள், பற்றுக்கம்பி இல்லாவிட்டால் பறிக்காதீர்கள் என்ற இரண்டு வாக்கியங்கள் அந்த அரைப் பக்கத்தில் இடம்பெற்றிருக்கலாம்.

நான் பள்ளியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், இந்தக் கொடி எப்படி இவ்வளவு வறட்சியைத் தாங்குகிறது என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. எங்கள் காங்கயம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் சித்திரை, வைகாசியில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து வெளுத்துக் கிடக்கும்போதும், கிளுவை வேலியின் மேல் படர்ந்த பிரண்டை பச்சையாகவே நிற்கும். மழைக்காலத்தில் விட்ட சிற்றிலைகளை அது வெயில் ஏறியதும் உதிர்த்துவிடுகிறது. இலை, மற்றச் செடிகளைப் போலப் பகலில் காற்றை உள்வாங்கி உணவு செய்யும். தண்டின் வழி வேறு. கள்ளியும் கற்றாழையும் செய்வதைப் போல அது பகலில் தன் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமித்து, விடிந்தபின் சூரிய ஒளியில் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஒரே செடியின் இலை ஒரு முறையிலும் தண்டு இன்னொரு முறையிலும் இயங்குவது தாவர உலகில் அடிக்கடி காணக் கிடைப்பதில்லை. இரண்டு கணு உள்ள துண்டைக் கிள்ளி ஓட்டுக் கூரையில் எறிந்தாலும் அது துளிர்ப்பதற்கு, இப்படிச் சிறுகச் சிறுகச் சேமித்த நீரே காரணம். மேயும் ஆடு தண்டை மொட்டையடித்துவிடாமல் காப்பவற்றுள் நான் மேலே சொன்ன ஊசிகளும் அடங்கும். செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஆயுதத்தை நீக்கிவிட்டு உண்பதற்கே நம் முன்னோர் அத்தனை பாடுபட்டார்கள்.

மருந்தென்ற வகையில் பிரண்டை சித்த மருத்துவத்தில் பெற்றிருக்கும் இடத்தைத் தங்கள் குறிப்பு சரியாகவே தொட்டிருந்தது. எனினும் அழுத்தம் தவறான இடத்தில் விழுந்துவிட்டது. தமிழ்நாட்டு வழக்கில் பிரண்டை முதலாவதாக வயிற்றுக்கான மருந்து. பசியின்மை, செரியாமை, வயிற்றுப் பொருமல், மூலம், குடற்புழு ஆகியவற்றுக்கே அது பெரிதும் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. எலும்பு தொடர்பான பயன் பெரும்பாலும் வெளிப்பூச்சாகத்தான் இருந்தது: சுளுக்குக்கும் அடிபட்ட வீக்கத்துக்கும் பிரண்டைச் சாற்றில் புளியும் உப்பும் கூட்டிக் குழம்பாகக் காய்ச்சி, பொறுக்கும் சூட்டில் பற்றுப் போடுவார்கள். வடநாட்டில் இதற்கு எலும்பு பொருத்தி என்ற பொருள்படும் பெயரே நிலைத்து, ஆயுர்வேதத்தில் முறிவுக்கான மருந்தாகப் பெயர் பெற்றது. இன்று நம் பத்திரிகைகளும் காணொளிகளும் அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு, நம் ஊர் வழக்கத்தில் அன்றாடம் பயன்பட்ட வயிற்று மருந்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன.

சித்த மருத்துவத்தின் பிரண்டை உப்பு இவ்விடத்தில் தனியே கவனிக்கத்தக்கது. பிரண்டையை நன்கு உலர்த்திக் கொளுத்தி, சாம்பலை நீரில் கரைத்து, தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் இறுத்து வெயிலில் வற்றவைத்தால் அடியில் படியும் உப்பு அது. இம்முறையின் நுட்பத்தை வேதியியல் கண்ணோடு பார்த்தால் வியப்பாக இருக்கும். எரியும்போது ஆக்சலேட் ஊசிகள் சிதைந்து நீரில் கரையாத சுண்ணாம்புப் பொருளாகி விடுவதால், அவை மண்டியோடு கீழே தங்கிவிடுகின்றன. கரைந்து மேலே வருபவை பெரும்பாலும் பொட்டாசியம் சார்ந்த காரவுப்புகள். நச்சு நீக்கும் சுத்தி முறையை நம் வைத்தியர்கள் எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன். அதே வேளையில், எரித்த பிறகு செடியின் கரிமச் சேர்மங்கள் எவையும் மிஞ்சுவதில்லை. எனவே பச்சைத் தண்டின் சாற்றை வைத்து ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த பலன்களைப் பிரண்டை உப்புக்கும், துவையலுக்கும், மாத்திரைக்கும் ஒன்றுபோல ஏற்றிச் சொல்வது பொருந்தாது. தங்கள் குறிப்பு இவற்றையெல்லாம் பிரண்டை என்ற ஒரே தலைப்பில் கலந்துவிட்டது. சிறுநீரகம் பழுதுபட்டுப் பொட்டாசியத்தைக் கட்டுக்குள் வைக்கச் சொல்லப்பட்ட நோயாளி ஒருவர் அதைப் படித்து நாட்டு மருந்துக் கடையில் பிரண்டை உப்பு வாங்கிச் சாப்பிட்டால் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கால்நடைகளுக்கும் இது மருந்து. சினை பிடிக்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும் மாடுகளுக்கு முள்ளங்கி, சோற்றுக்கற்றாழை, முருங்கைக்கீரை, பிரண்டை, கறிவேப்பிலை என்று வரிசையாகச் சில நாட்கள் வீதம் கொடுக்கும் மூலிகை முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மருத்துவ வல்லுநர்கள் தொகுத்துப் பரப்பியிருக்கிறார்கள். அந்தக் குறிப்புகளில் எதை எத்தனை நாள், எத்தனை கைப்பிடி, எதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. மாட்டுக்கு எழுதுகையில் காட்டும் கவனத்தை மனிதருக்கு எழுதுகையிலும் காட்டலாம்.

இனி எலும்புக்கு வருகிறேன். பிரண்டை எலும்பை ஒட்டவைக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்றே இல்லை என்று நான் சொல்லவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அறுவை மருத்துவர் கே. என். உடுப்பாவும் ஜி. சி. பிரசாத்தும் 1963, 1964ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள், பிரண்டைச் சாறு கொடுக்கப்பட்ட விலங்குகளில் முறிந்த எலும்பு விரைவாகக் கூடுவதாகக் காட்டின. கதிரியக்கக் கால்சியத்தைச் செலுத்தி, அது முறிவிடத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்தும் பார்த்தார்கள். அக்காலத்துக்கு அது முன்னோடியான முயற்சி. இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு. ஆனால் அவை விலங்கு ஆய்வுகள். அதன் பிறகு மனிதர்களிடம் நடந்தவை பெரும்பாலும் சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளை வைத்து நடந்தவை. உடைந்த எலும்பை நேராக்கிப் பொருத்தி அசையாமல் கட்டுவதற்கு எந்த மூலிகையும் மாற்றாகாது. எலும்பு விலகிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டால், எவ்வளவு விரைவாக ஒட்டியது என்பதில் யாருக்கும் ஆறுதல் இருக்காது. தங்கள் குறிப்பில் எலும்பு முறிவு ஏற்பட்டவர்கள் பிரண்டையை நாடலாம் என்று எழுதிய இடத்தில், முதலில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரைப் பார்த்த பிறகு என்ற சில சொற்களைச் சேர்த்திருந்தால் எவ்வளவோ நலமாக இருந்திருக்கும்.

பிரண்டையில் கால்சியம் மிகுதி, ஆகவே எலும்புக்கு நல்லது என்ற வாதமும் பார்வைக்கு எளிதே தவிர, உடலுக்குள் அப்படி நடப்பதில்லை. செடியிலுள்ள கால்சியத்தில் கணிசமான பங்கு, ஏற்கெனவே சொன்ன ஆக்சலேட் உப்பாகக் கட்டுண்டிருக்கிறது. அந்த உப்பு நீரில் கரையாது. குடல் அதிலிருந்து மிகச் சொற்பமான கால்சியத்தையே உறிஞ்ச முடியும். ஆக்சலேட் மிகுந்த பாலக்கீரையை வைத்து அமெரிக்காவில் 1988இல் வெளியான ஆய்வொன்றில், பாலிலிருந்து நூற்றுக்கு ஏறக்குறைய 28 பங்கு கால்சியம் உடலில் சேர்ந்தபோது, கீரையிலிருந்து சேர்ந்தது 5 பங்கு மட்டுமே. பிரண்டையையும் ஆய்வுக்கூட அட்டவணையில் இருக்கும் மொத்தக் கால்சியத்தை வைத்து மதிப்பிடக் கூடாது. பிரண்டை எலும்புக்கு உதவுமானால், அது அதிலுள்ள ஸ்டீராய்டு வகைச் சேர்மங்களாலோ ஸ்டில்பீன் வகைச் சேர்மங்களாலோ நிகழ்வதாக இருக்கலாமே அன்றி, கால்சியத்தைக் கொட்டிக் கொடுப்பதால் அன்று.

மூலநோயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மரபிலும் தாய்லாந்து மரபிலும் பிரண்டை மூலத்துக்குக் கொடுக்கப்பட்டு வந்ததால், தாய்லாந்து மருத்துவர்கள் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பிரித்து, சிலருக்குப் பிரண்டையும், சிலருக்கு வழக்கமான மாத்திரையும், சிலருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டு 2010இல் முடிவை வெளியிட்டார்கள். திடீரெனத் தீவிரமாகும் மூலத்தில் இம்மூன்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. தம் சொந்த மரபு மருந்தைத் தாமே சோதித்து, பலன் தெரியவில்லை என்று வெளிப்படையாக எழுதிய அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். இதனால் பிரண்டைத் துவையலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பசியைத் தூண்டும் நல்ல உணவாக அது இருந்துவிட்டுப் போகட்டும். மூலத்தில் இரத்தம் போகிறவர், அது வேறு நோயின் அறிகுறியா என்று பரிசோதித்துக்கொள்ளாமல் துவையலை நம்பிக் காலம் கடத்தக் கூடாது என்பதே நான் சொல்ல வருவது.

உடல் எடை குறைப்புக்கென்று மாத்திரை வடிவில் விற்கப்படும் பிரண்டையைக் குறித்தும் தங்கள் குறிப்பு இரண்டு வரி எழுதியிருந்தது. இந்தச் செய்தியின் வேர் கேமரூன் நாட்டில் இருக்கிறது. அங்கு ஜூலியஸ் ஓபென் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், உடல் பருத்த 72 பேரிடம் 10 வாரங்களுக்குப் பிரண்டைச் சாற்றுப் பொருளையும், அதோடு இர்விங்கியா என்னும் ஆப்பிரிக்க மரத்தின் விதைச் சாற்றையும் சேர்த்துச் சோதித்தார்கள். எடை குறைந்தது என்பதே அவர்கள் கண்ட முடிவு. பத்து வாரத்தில் எழுபத்திரண்டு பேரிடம் கண்டதை, அதுவும் ஆய்வுக்கூடத்தில் செறிவூட்டிய சாற்றில் கண்டதை, நம் வேலிப் பிரண்டைக்கு அப்படியே பொருத்துவது நியாயமன்று. அதன் பின்னர் வெளிநாட்டு உடற்பயிற்சிக் கூடங்களில் சிசஸ் என்ற பெயரில் புகுந்து, சுற்றிவளைத்து நம் ஊர்க் கடைகளுக்கே பளபளக்கும் புட்டிகளில் அது திரும்பி வந்திருக்கிறது.

இங்கே சட்டத்தையும் நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளேன். மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் தொடர்பாக ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவு, உடற்பருமன், வாதநோய், இரைப்பைக் குடற்புண் ஆகியவை இருக்கின்றன. இவற்றைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்யக் கூடாது. செய்திக் கட்டுரைக்கு இச்சட்டம் நேரடியாகப் பொருந்தாது என்பதை அறிவேன். ஆனால் விளம்பரத்தில் எழுத முடியாததைக் கட்டுரை எழுதிவிடுகிறது; அடுத்த வாரமே கடைக்காரர் அக்கட்டுரையைக் கத்தரித்துச் சட்டமிட்டுக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் மாட்டிவிடுகிறார். நாளிதழின் பெயர் அங்கே சான்றிதழாகத் தொங்குகிறது.

யார் பிரண்டையை ஒதுக்க வேண்டும் என்பதைத் தாங்களே எழுதுவது பொருத்தம் என்றாலும், ஒரு தொடக்கமாக நான் அறிந்ததைச் சொல்கிறேன். சிறுநீரகத்தில் ஆக்சலேட் வகைக் கல் வந்தவர்கள் இதை அடிக்கடி உண்பது நல்லதன்று. சிறுநீரக நோயாளிகள் பிரண்டை உப்பை மருத்துவரைக் கேளாமல் தொடக் கூடாது. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் மருந்தளவில் உட்கொள்வது பாதுகாப்பானது என்று சொல்லுமளவுக்குச் சான்று இல்லை. நீரிழிவு, இரத்த உறைவு போன்றவற்றுக்கு நாள்தோறும் மாத்திரை எடுப்பவர்கள், சூரணமோ மாத்திரையோ தொடங்கும் முன் தம் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சித்த மருத்துவரைப் பார்ப்பதாயின் அவரிடம் தாம் உண்ணும் ஆங்கில மருந்துகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாதத்தில் இரண்டொரு நாள் சோற்றோடு ஒரு கரண்டித் துவையல் உண்பவருக்கு இந்த எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை தேவைப்படா. உணவளவுக்கும் மருந்தளவுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் குறிப்பு எங்கும் பிரித்துக் காட்டவில்லை.

மற்றொரு செய்தியும் உண்டு. பிரண்டைக்குத் தேவை பெருகியதும், கொழுந்து பறிப்பவர்கள் சாலையோரத்திலும் சாக்கடைக் கரையிலும் கிடைப்பதையெல்லாம் அறுத்துச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். பல தோட்டங்களில் வேலியோரக் களையை அழிக்கக் களைக்கொல்லி அடிக்கிறார்கள். தடித்த தண்டுடைய பிரண்டை அதில் உடனே கருகாமல் சில நாள் பச்சையாகவே நிற்கக்கூடும், பறிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. கிளுவை வேலிகளைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடும் பழக்கம் எங்கள் வட்டாரத்தில் பரவி வருவதால், நல்ல இடத்துப் பிரண்டையும் அருகிவருகிறது. நகரத்து வாசகர்களுக்குத் தாங்கள் சொல்லக்கூடிய எளிய யோசனை, நம்பகமான வேலியிலிருந்து இரண்டு கணுத் துண்டொன்றைக் கேட்டு வாங்கி, மணல் கலந்த மண் நிரப்பிய தொட்டியில் ஊன்றி, மாடிக் கைப்பிடிக் கம்பியில் ஏற்றிவிடுவதுதான். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்பதைத் தவிர அதற்கு வேறு பராமரிப்பு கிடையாது. ஒரு கொடி, ஒரு குடும்பத்தின் துவையலுக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து தரும்.

ஆகவே தாங்கள் அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு இடத்தில், பிரண்டையைப் பச்சையாக அரைத்துக் குடிக்கக் கூடாது என்ற திருத்தத்தைத் தெளிவான எழுத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவர் ஒருவரையும் எலும்பு மருத்துவர் ஒருவரையும் ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இனி எந்த மூலிகையைப் பற்றி எழுதினாலும் எந்தப் பகுதி, என்ன பக்குவம், எவ்வளவு அளவு, யாருக்கு ஆகாது என்ற நான்கும் இல்லாத குறிப்பை அச்சுக்கு அனுப்புவதில்லை என்று ஆசிரியர் குழு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால், அந்தப் பூங்கா வாசல் வண்டிக்காரரும் அதைப் படித்துத் தம் பட்டியலைத் திருத்திக்கொள்ள வாய்ப்புண்டு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்,
காங்கயம், திருப்பூர் மாவட்டம்.